டேப்ரெக்கார்டருக்குப் பதில் சொன்ன குருவி

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். வளைகுடாவுக்குப் போன அப்பாக்கள் கேசட்டில் வீட்டுக்கு வந்துபோன காலம் அது. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள்கூடப் பேசித்தான் அனுப்புவார்கள். விடுமுறையில் ஊருக்கு வருகிற யாராவது கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். நாம் அதைக் கேட்டுவிட்டு, இன்னொரு கேசட்டில் பேசி, அவர் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். உங்களில் பல பேருக்கு அப்பாவின் முகத்தைவிட அவர் பேச ஆரம்பிக்குமுன் கேட்கிற அந்த ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் நன்றாக நினைவிருக்கும். எனக்கும் அப்படித்தான்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்கு மேற்கே, ஒரு பெரிய கண்மாயை ஒட்டி இருக்கிறது. எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே முற்றத்தில் எதிரெதிராக இருந்தன. அப்பா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும், அதாவது அம்மாவுக்கும் எனக்கும், பெரியப்பாதான் பொறுப்பு. கெட்டவர் இல்லை. கண்மாய்ப் பாசனத்துக்கு ஊர் அவரைத்தான் தலைவராக வைத்திருந்தது. ஆனால் அவர் முற்றத்தில் இருந்தால் அம்மா வாசலுக்கு வர மாட்டாள். அம்மா வாசலில் இருந்து, அவர் வருவதாக இருந்தால், தெருமுனையிலேயே ஒரு இருமல் இருமுவார். அம்மா உள்ளே போய்விட வேண்டும். அவருக்கு நேராக நின்று அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான். “பெரியப்பாகிட்ட சொல்லு, மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னு.” அவர் பக்கத்திலேயே நின்றிருப்பார், காதிலும் விழுந்திருக்கும். நான் திரும்பச் சொன்ன பிறகுதான் பதில் வரும். “ஒங்கம்மாகிட்ட சொல்லு, சாயங்காலம் டாக்டரக் கூட்டியாரேன்னு.”

அப்பா அனுப்பிய டேப்ரெக்கார்டர் ரேடியோவும் சேர்ந்தது. டூ-இன்-ஒன் என்போம். கறுப்பு உடம்பு, இழுத்தால் நீளும் வெள்ளி ஏரியல், பதிவு செய்ய ஒரு சிவப்புப் பொத்தான். அந்தச் சிவப்பை மட்டும் அழுத்தினால் வேலை செய்யாது. பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். புதிய கேசட்டைத் திறக்கும்போது வருகிற வாசனையை இப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வீட்டில் பதிவு செய்வது என்றால் பெரியம்மா, அவர் பிள்ளைகள், அக்கம்பக்கம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பெரியப்பா முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். எல்லாரும் பேசிய பிறகு அம்மா முறை வரும். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, “நாங்க நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா. மாடு கன்னு போட்டுருச்சு,” என்பாள். அவ்வளவுதான். மாடு கன்று போடாத மாதத்திலும் அதையே சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்க விடவில்லை. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் போனது. மாசியில் பார்த்தால் கண்மாயின் பாதியைச் சம்பு அடைத்து நின்றது. சம்பங்கோரை தெரியும்தானே, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, நுனியில் பழுப்பு மெழுகுவத்தி மாதிரி கதிர் வைத்து நிற்குமே, அதுதான். காற்று அடித்தால் பட்டுப்புடவை உரசுகிற சத்தம் வரும். அந்தச் சம்புக்குள்ளிருந்து அந்த வருஷம் இன்னொரு சத்தமும் வந்தது.

‘கர்ர்... கர்ர்... கர கர கீ.’ தவளை கத்துவது போலத் தொடங்கும். நடுவில் தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஆகும். கடைசியில் ஒரு கீச்சு. உடனே மறுபடியும் முதலிலிருந்து. காலையில் கேட்கும், உச்சி வெயிலில் கேட்கும், சாயங்காலம் கேட்கும். கரையில் நின்றால் சம்பு முழுவதுமே கத்துவது போல இருக்கும்.

பாம்பு தவளையை விழுங்குகிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. விழுங்கும்போது தவளை அப்படித்தான் கதறும் என்றார்கள். பெரிய பாம்பு, அதனால்தான் இவ்வளவு பெரிய சத்தம். “ஒரு தவளைய முழுங்க ஒரு மாசமா?” என்று நான் கேட்டேன். பெரியம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிள்ளைகள் யாரும் சம்பு இருக்கிற பக்கம் போகக் கூடாது என்று உத்தரவானது.

அந்தப் பக்கம்தான் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

உச்சி வெயிலில், ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருக்கும் நேரம். அழுக்குத் துணி நிறைந்த அன்னக்கூடையை அம்மா இடுப்பில் வைத்திருந்தாள். படித்துறையைத் தாண்டியும் நடந்தாள். ஆள் வராத கோடிக்குப் போய், நாவல் மரத்தடியில் கூடையை இறக்கினாள். துணிகளுக்கு அடியில், துண்டில் சுற்றிய டேப்ரெக்கார்டர் இருந்தது.

“எதுக்கும்மா இது?”

“ஒங்கப்பாகிட்டப் பேசணும்.”

“வீட்டுல பேசலாம்ல?”

அம்மா இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “என்னங்க,” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. அது ஒரு சின்னப் பெண்ணின் குரல். “நீ அந்தப் பக்கம் போய்த் துணிய அலசுத்தா,” என்று என்னை அனுப்பிவிட்டாள்.

நான் தண்ணீருக்குப் போனேன். நாலு துணி அலசுவதற்குள் சம்புக்குள்ளிருந்து அந்தக் கத்தல் ஆரம்பித்தது. மிகப் பக்கத்தில், கல்லெறி தூரம்கூட இல்லை. நான் துணியைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மாவுக்குப் பயமில்லை, எரிச்சல்.

“சனியன், பேச விடுதா பாரு. ஒரு வார்த்த பேசுனா அது பத்து வார்த்த பேசுது.”

பெட்டியை நிறுத்தி, நாடாவைப் பின்னால் ஓட்டி, எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று போட்டுப் பார்த்தாள். அம்மாவின் குரல் வந்தது. அதை மூடிக்கொண்டு அந்தக் கத்தல் வந்தது. ‘கர்ர்... கர்ர்... கர கர கீ.’

உள்ளே கத்திக்கொண்டிருந்தது சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

சம்பு அசைந்தது. ஒரு தாள், அடுத்து அதற்கு முன்னால் ஒரு தாள், அதற்கும் முன்னால் ஒன்று. எதுவோ தாளுக்குத் தாள் தாவி எங்களை நோக்கி வந்தது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். பாம்பு என்றுதான் நினைத்தேன். கடைசி வரிசைச் சம்பில், எங்களுக்கு எதிரே, ஒரு குருவி வந்து ஒட்டிக்கொண்டது.

சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், ஒல்லி. மண் நிறம். கண்ணுக்கு மேலே வெளுத்த ஒரு கோடு. அழகு என்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு காலை ஒரு தாளிலும் மறு காலைப் பக்கத்துத் தாளிலும் வைத்து, மரம் ஏறுகிறவனைப் போல நின்றது. எங்களைப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தது. பிறகு தொண்டை மயிர் முழுக்கச் சிலிர்க்க, வாயைத் திறந்தது. வாய்க்குள்ளே தணல் மாதிரி ஒரு நிறம். அந்தக் கத்தல் அதிலிருந்து வந்தது.

அந்த உடம்பிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வர முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கத்தலுக்கும் அதன் வால் வரை நடுங்கியது. அது பிடித்திருந்த தாளும் நடுங்கியது. தாளின் அடியில் தண்ணீரில் சின்னச் சின்ன வளையம் எழுந்து விரிந்தது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் இருக்கிற குருவி கத்த, வெளியே இருக்கிற குருவி பதில் கத்த, நடுவில் அம்மா இரண்டு கையையும் தூக்கியபடி, பெட்டியைத் தொடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஆத்தாடி,” என்றாள் மெதுவாக. “இவந்தானா அது.”

அதற்குப் பிறகு அடிக்கடி போனோம். அம்மா பேசுவாள், அது கத்தும். முதலில் எரிச்சல்பட்டவள், போகப்போக அது கத்தி முடிக்கும்வரை நிறுத்திக் காத்திருக்கப் பழகினாள். “பேசி முடிச்சுட்டியா? இப்ப நான் பேசட்டா?” என்று அதனிடம் கேட்பாள். எனக்கும் தூர ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அம்மா பேசுவதில் பாதி எனக்குப் புரியவும் இல்லை.

கூட்டை நான்தான் முதலில் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று விலக்கிப் பார்த்தால், நாலைந்து சம்புத் தாள்களைச் சேர்த்துச் சுற்றி, நடுவில் ஒரு ஆழமான கிண்ணம் கட்டியிருந்தது. கீழே தாங்க எதுவும் இல்லை. காற்று வந்து தாள்கள் சாய்ந்தால் கூடும் சாயும். நிமிர்ந்தால் நிமிரும். ஆனால் எதுவும் கொட்டாது, கிண்ணம் அவ்வளவு ஆழம். உள்ளே மயிர் முளைக்காத குஞ்சுகள், கண் மூடி, வாயை மட்டும் திறந்தபடி. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“செவரு இல்ல, தூணு இல்ல. தண்ணிக்கு மேல ஆடுற புல்லுல குடும்பம் நடத்துது பாரு,” என்றாள். புல்லை மெல்ல மூடிவிட்டு, பின்பக்கமாகவே நடந்து கரைக்கு வந்தாள். கூட்டுக்கு முதுகைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

ஊர் வேறு விதமாகப் பார்த்தது. உச்சி வெயிலில், ஆள் இல்லாத கோடியில் இவள் தனியாகப் பேசுகிறாள் என்று யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பெரியப்பா என்னை முற்றத்தில் நிறுத்திக் கேட்டார்.

“ஏத்தா, ஒங்கம்மா கண்மாய்க் கரையில யாருகூடப் பேசுறா?”

“அப்பாகூட.”

அவர் முகம் இறுகியது. நான் பொய் சொல்கிறேன் என்றோ, அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றோ நினைத்திருக்க வேண்டும். அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பெரியம்மாவின் பேச்சு குறைந்தது. அம்மா துணிக்கூடையை எடுத்தால் பெரியம்மா வாசலுக்கு வந்து நிற்பார். நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உண்மையைத்தான் சொன்னேன். அது அவர்களுக்கு ஒரு பொய்யைவிட மோசமாகக் கேட்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில் மேலத்தெருத் தையல்காரரைக் கண்மாய்க் கரையில் பாம்பு கடித்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எப்படியோ பிழைத்துவிட்டார். ஆனால் ஊர் கொதித்தது. கத்தலும் அங்கே, கடியும் அங்கே. பாம்பு வேறெங்கே இருக்கும்? சம்பைக் கொளுத்திவிடுவது என்று கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அடித்தாள் எல்லாம் காய்ந்து கிடந்த பங்குனி மாதம் அது. ஒரு பக்கம் வைத்தால் போதும், கண்மாய் முழுக்கத் தண்ணீருக்கு மேலேயே எரிந்துவிடும்.

பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை அதைத் துண்டில் சுற்றவில்லை. தெரு வழியாக, எல்லாரும் பார்க்க, கையில் தொங்கவிட்டபடியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கரையில் நிறையப் பேர் நின்றார்கள். மண்ணெண்ணெய் டின் திறந்திருந்தது. வைக்கோல் பந்தம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்தோ என்னவோ குருவி சத்தமே போடவில்லை. அம்மா தூரத்திலேயே நின்றாள்.

“பெரியப்பாகிட்ட சொல்லு. உள்ள இருக்கறது பாம்பு இல்ல, குருவி. கூட்டுல குஞ்சு இருக்கு. அது பறக்குற வரைக்கும் பொறுக்கச் சொல்லு.”

நான் சொன்னேன். பெரியப்பா என்னையும் பார்க்கவில்லை.

“ஒங்கம்மாவ வீட்டுக்குப் போகச் சொல்லு. குருவி இந்தக் கத்து கத்துமா? ஆளக் கடிச்சிருக்கு. வெளையாட்டா இது?”

யாரோ சிரித்தார்கள். நான் அம்மாவிடம் திரும்பினேன், சொல்வதற்கு. அம்மா என்னைத் தாண்டி முன்னால் போனாள். பெரியப்பாவுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள். தலையில் போட்டிருந்த முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நானே சொல்றேன்,” என்றாள். “கொஞ்சம் நேரம் எல்லாரும் பேசாம நில்லுங்க. கேட்டுட்டு அப்பறம் கொளுத்துங்க.”

பெட்டியைக் கரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சத்தத்தை முழுக்கத் திருகிவைத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். அப்பாவுக்கு அனுப்ப ஆள் கிடைக்காமல் வீட்டில் இருந்தது. குருவியின் கத்தல் அதில்தான் இருந்தது, அம்மாவின் பேச்சோடு பின்னிக்கொண்டு. ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க வழி இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

‘ஸ்ஸ்’ என்று இரைந்தது. ‘கர்ர்... கர்ர்...’ என்று ஒரு கத்தல். பிறகு, அத்தனை ஆண்களுக்கும் நடுவில், அம்மாவின் அந்தக் குரல்.

“என்னங்க... நீங்க போனதுலேருந்து நான் யாருகிட்டயும் சிரிச்சுப் பேசுறதில்ல. சிரிச்சா ஏன் சிரிக்கிறான்னு கேப்பாக. அழுதா ஏன் அழுவுறான்னு கேப்பாக. இங்கிட்டு வந்துதான் ரெண்டும்...” மறுபடி கத்தல். “...பெரியவுக நல்லவுகதான். கொற சொல்ல மாட்டேன். ஆனா அவுக இருமுற சத்தம் கேட்டாலே எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எந்நேரமும் அந்த இருமலத்தான் காது தேடுது. சொந்த வீட்டுல திருடி மாதிரி நடக்குறேன். ஒங்க மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருதுங்க. பயமா இருக்கு. போதும், வந்துருங்க...” கத்தல். கத்தல். கத்தல்.

பந்தம் கட்டியவர் கையில் கயிறு அப்படியே நின்றது. அம்மா குனிந்து பெட்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் சம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்குத் தொண்டையில் ஏதோ வந்தது. இரும வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடி, நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமலை அடக்கியதாலா என்று எனக்குத் தெரியாது.

அப்போது சம்பு அசைந்தது. தாளுக்குத் தாள், முன்னுக்கு முன். அத்தனை ஆட்களையும் மண்ணெண்ணெய் நாற்றத்தையும் அது பொருட்படுத்தவில்லை. கடைசி வரிசைக்கு வந்தது. கரையில் இருந்த பெட்டியைப் பார்த்தது. தொண்டை சிலிர்த்தது.

கூட்டத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. “அட!” என்றார் ஒருவர். வேறொருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயிலில் திரை விலகும்போது ஆண்கள் அப்படிச் செய்வார்களே, அதே கை அசைவு. அவருக்கே தெரியாமல் செய்திருப்பார். ஒரு கைப்பிடி மண் நிறத்துக்கு முன்னால் அத்தனை பேரும் வாய் பிளந்து நின்றார்கள். பாம்பு என்று நாங்கள் எல்லாரும் பயந்தது, காற்றில் ஆடுகிற ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு, ‘இது என் இடம், என் இடம்’ என்று கத்திக்கொண்டிருந்தது.

பெரியப்பா டின்னை மூடச் சொன்னார். “வைகாசி போயி பாத்துக்கலாம்,” என்றார். நேராக அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

பாம்பு அங்கே இல்லாமல் இல்லை. தண்ணீர் இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். வைகாசி போய், குஞ்சுகள் பறந்து, தண்ணீர் வற்றிய பிறகு ஆனியில் ஒரு பக்கத்தைக் கொளுத்தத்தான் செய்தார்கள். அடியில் கிழங்கு இருக்கிறதே, ஐப்பசி மழைக்கு மறுபடி முளைத்தது.

டின்னை மூடச் சொன்ன அன்று சாயங்காலமே பெரியப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். இருமாமல் வந்தார். அம்மா பயந்துபோய் எழுந்தாள். “ஏத்தா, அந்தப் பொட்டியக் கொண்டா,” என்றார் என்னிடம். உடைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “எத அமுக்கணும்?” என்றார். இரண்டையும் அமுக்கிக் காட்டினேன். நாலு வயல் தாண்டி நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போல உரக்கக் கத்தினார்.

“தம்பி! நான் அண்ணன் பேசுறேன்! எல்லாரும் சௌக்கியம்! நீ சம்பாரிச்சது போதும்! இந்தப் புள்ளைக்கு நீதான் வேணும், நான் இல்ல! வேல முடிஞ்சதும் வந்து சேரு!” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இனிமே நான் இருமுனா, அது சளியாலன்னு நெனச்சுக்க,” என்றார்.

எனக்கு ‘இந்தப் புள்ளை’ என்றால் நான் என்றுதான் அப்போது பட்டது. அது அம்மா என்று எனக்குத் தெரிய முப்பது வயதாக வேண்டியிருந்தது.

அந்தக் கேசட் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. மழைக்காலம் தொடங்கும்போது பதில் வந்தது. அப்பா அம்மாவின் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரே உட்கார்ந்து கேட்கும் என்று அவருக்குத் தெரியுமே. வேறொன்று சொன்னார்.

“இந்தா, நீ பேசுறப்ப நடுவுல ஒண்ணு கத்துதுல்ல, அது ஒரு பறவைன்னு சொல்லியிருக்க. அது இங்கயும் இருக்கு. நாங்க தண்ணி சுத்தம் பண்ற எடத்துக்குப் பின்னாடி கழிவுத்தண்ணி தேங்கி நிக்கிது. அதுல நம்ம ஊரு சம்பு மாதிரியே மொளைச்சிருக்கு. சுத்தி எங்கிட்டுப் பாத்தாலும் மணலு. அந்தக் கொஞ்சூண்டு பச்சைக்குள்ள ஒக்காந்துக்கிட்டு நாளெல்லாம் கத்துது. நான் தவளைன்னு நெனச்சேன். கேளு.”

அதற்குப் பிறகு காற்று. தூரத்தில் ஒரு லாரி. பிறகு, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ‘கர்ர்... கர்ர்... கர கர கீ.’

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மழை விட்டு, சம்பு வளர்ந்து, தை பிறந்ததும் முதல் வேலையாக அந்தக் கேசட்டைக் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். இந்த முறை பெரியப்பா, பெரியம்மா எல்லாரும் வந்தார்கள். பாலைவனக் குருவியைப் போட்டோம். எங்கள் கண்மாய்க் குருவி வெளியே வந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னது. அதற்கு மொழி பெயர்க்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

ரொம்ப நாள் வரை, அது கடல் தாண்டிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறது என்றே நான் நம்பினேன். போன வருஷம் நல்ல மழைக்குப் பிறகு, பறவை கணக்கெடுக்கிற பிள்ளைகள் சில பேர் எங்கள் கண்மாய்க்கு வந்தார்கள். அதில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், கத்தல் கேட்டதும் கண் விரிய நின்றாள். “நாணல் கதிர்க்குருவி!” என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் தெரிந்த ஆளின் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். அங்கே இருப்பது அங்கேயே குடும்பம் நடத்துவது, இங்கே இருப்பது இங்கேயே நடத்துவது, உறவுதான், ஆனால் நம் குருவி வளைகுடாவுக்குப் போய்வரவில்லை என்று விளக்கினாள்.

“அழிஞ்சுக்கிட்டு வருதாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லங்கம்மா. உலக அளவுல கவலை குறைந்த இனம்னுதான் வகைப்படுத்தியிருக்காங்க. எகிப்துல இருந்து நம்ம பக்கம் தாண்டியும் இருக்கு.”

எனக்கு நிம்மதியாகிவிட்டது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சம்பும் தண்ணீரும் சேர்ந்து நிற்கிற கண்மாயாகப் பார்த்துப் பார்த்துத்தான் தேட வேண்டியிருக்கிறது என்றாள். பல இடத்தில் சீமைக்கருவேலம்தான் நிற்கிறதாம். உலகத்துக்குக் கவலை இல்லைதான். ஆனால் ஒரு கண்மாயில் சத்தம் நின்றால், அதை அந்தக் கரையில் இருப்பவர்களைத் தவிர யார் கவனிக்கப் போகிறார்கள்? எங்கள் கண்மாயிலும் தண்ணீர் நிற்காத வருஷங்கள் உண்டு. அப்போது கரை வழியாக நடந்தால் காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். தண்ணீர் வந்தால் சம்பு வரும். சம்பு வந்தால், எங்கிருந்து என்று தெரியாது, அது வந்துவிடும். அது கேட்பது அவ்வளவுதான். மணலுக்கு நடுவில் தேங்கிய கழிவுத்தண்ணீரையே போதும் என்று எடுத்துக்கொண்ட குருவி அது.

பாலைவனக் குருவியைப் போட்டுக் கேட்ட அந்தத் தைக்கு அடுத்த மாதமே, மாசியில், அப்பா வந்துவிட்டார். வந்த மறுநாள் காலையில் கண்மாய்க்குப் போனோம். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், காலில் பளபளக்கிற சப்பாத்து. பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நாவல் மரத்தடியில் வைத்துக் கேசட்டைப் போடப் போனவரை அம்மா தடுத்தாள்.

“அத விடுங்க. சும்மா நில்லுங்க, வரும்.”

நின்றோம். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில். சம்பு அசைந்தது. அது வந்து தாளைப் பிடித்தது.

“எங்க?” என்றார் அப்பா.

“அந்தா.”

“அதுவா? இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

“அங்க ஒரு நாளும் வெளிய வரல. கொக்குப் பருமன் இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அது தொண்டையைச் சிலிர்த்து வாயைத் திறந்தது. அந்தக் கத்தல் எங்கள் மூன்று பேரின் விலா எலும்பிலும் வந்து இடித்தது. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். இன்னொரு அடி. சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார், அவருக்கே தெரியவில்லை. பேன்ட் முழங்கால் வரை நனைந்தது. அம்மா கூப்பிடவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். நானும் இறங்கினேன்.

கை நீட்டினால் தொடும் தூரம். குருவி பறக்கவில்லை. எங்களை ஒரு பொருட்டாகவே அது நினைக்கவில்லை. அது ஓயும் வரை நிற்கலாம் என்று நின்றோம். அது ஓயவே இல்லை. வெயில் ஏறிய பிறகு நாங்கள்தான் கரையேறினோம்.